திங்: நீதி கேட்டுக் கூடிய கூட்டம் வெறும் பொருளானது எப்படி?

டேனிஷ் மொழியில் 'ஆல்டிங்' என்றால் 'எல்லாம்'. ஐஸ்லாந்து மொழியில் 'அல்திங்கி' என்றால் நாடாளுமன்றம். இரண்டு சொற்களும் ஒரே இரண்டு துண்டுகளால் ஆனவை. முதல் துண்டுக்கு 'எல்லா' என்று பொருள். இரண்டாவது துண்டு, ஆங்கிலத்தில் நாள்தோறும் காதில் விழும் 'திங்'. பொருள், பண்டம், விஷயம் என்று எதற்கு வேண்டுமானாலும் பயன்படும் அந்தச் சாதாரணச் சொல், இன்னொரு மொழியில் சட்டம் இயற்றும் அவையாக எப்படி ஆயிற்று? உண்மையில் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். அவைதான் முதலில் இருந்தது. பொருள் பிறகு வந்தது.

இந்தக் கட்டுரை அந்தப் பயணத்தைப் பற்றியது. மொழியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு சொல் இரண்டாயிரம் ஆண்டுகளில் எங்கெங்கே போகும் என்ற ஆவல் இருந்தால் போதும்.

ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, டேனிஷ், நார்வேஜியன், ஸ்வீடிஷ், ஐஸ்லாந்து மொழி முதலியவை ஜெர்மானிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. தெற்கு ஸ்காண்டிநேவியாவிலும் வட ஜெர்மனியிலும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு பேசப்பட்ட ஒரு மூலமொழியிலிருந்து இவை கிளைத்தன. அந்த மூலமொழியில் எழுதப்பட்ட நூல் ஏதும் நம்மிடம் இல்லை. கிளைமொழிகளை ஒப்பிட்டுத்தான் அதன் சொற்களை அறிஞர்கள் மீட்டுருவாக்குகிறார்கள். நம் சொல்லுக்கு அவர்கள் தரும் மூல வடிவம் ஏறக்குறைய 'திங்க' என்று ஒலிக்கும். கடைசி உயிரில் கொஞ்சம் மூக்கொலி சேரும்.

அதன் முதல் ஒலி நம்முடைய 'த' அன்று. நாக்கு நுனியைப் பல்வரிசைகளுக்கு இடையில் வைத்து, காற்றை உரசிக்கொண்டு போகவிட்டால் வரும் ஒலி. ஆங்கிலமும் ஐஸ்லாந்து மொழியும் அதை இன்றும் காப்பாற்றி வருகின்றன. ஐஸ்லாந்தில் அதற்குத் தனி எழுத்தே உண்டு. இடைக்காலம் வரை ஆங்கிலேயரும் அதே எழுத்தைப் பயன்படுத்தினார்கள். ஜெர்மனும் டச்சும் அந்த ஒலியை 'வண்டி' என்ற சொல்லில் வரும் மென்மையான டகரமாக மாற்றிக்கொண்டன. டேனிஷ், நார்வேஜியன், ஸ்வீடிஷ் மூன்றும் 'பாட்டு' என்ற சொல்லில் வரும் வல்லோசை டகரமாக மாற்றின. ஆகவே தமிழில் எழுதினால் ஜெர்மன் சொல்லும் டேனிஷ் சொல்லும் 'டிங்' என்று ஒன்றுபோலத் தெரியும். காதுக்கு வேறுபாடு உண்டு.

இந்த மாற்றம் ஒரு சொல்லோடு நிற்பதில்லை. 'மூன்று' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆங்கிலத்தில் த்ரீ, ஐஸ்லாந்தில் த்ரீர், ஜெர்மனில் டிரை, டேனிஷில் ட்ரே. 'திருடன்' என்பதற்கு ஆங்கிலத்தில் தீஃப், ஜெர்மனில் டீப். ஒரு மொழியில் இந்த ஒலி இருந்தால் மற்றொன்றில் அந்த ஒலி இருக்கும் என்ற ஒழுங்கு பல சொற்களில் திரும்பத் திரும்ப வருகிறது. இந்த ஒழுங்குதான் சான்று. இரண்டு சொற்கள் பார்வைக்கு ஒத்திருப்பதை மட்டும் வைத்து உறவு சொல்வது ஆபத்தானது. இணையத்தில் அப்படிச் சொல்லப்படும் 'வேர்ச்சொல் ஆய்வுகள்' பெரும்பாலும் தவறிப்போவது இந்த இடத்தில்தான்.

இனி சொல்லின் அர்த்தத்துக்கு வருவோம். நான்காம் நூற்றாண்டில் விவிலியம் கோதிக் என்ற ஜெர்மானிய மொழியில் பெயர்க்கப்பட்டது. அதில் 'தீஹ்ஸ்' என்று ஒரு சொல் வருகிறது. அதன் பொருள் காலம், நேரம். இது நம் சொல்லின் நெருங்கிய உறவு என்பதே பெரும்பாலான மொழியியலாளர்களின் முடிவு. அப்படியானால் தொடக்கத்தில் 'குறித்த நேரம்' என்ற கருத்து இருந்திருக்க வேண்டும்; அதிலிருந்து 'குறித்த நேரத்தில் கூடும் கூட்டம்' வந்திருக்க வேண்டும்.

இதற்குப் பொருத்தமான சித்திரம் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியதில் கிடைக்கிறது. கி.பி. 98 வாக்கில் ஜெர்மானியக் குடிகளைப் பற்றி எழுதியபோது அவர்களுடைய கூட்டங்களையும் விவரிக்கிறார். அவர் லத்தீனில் எழுதியதால் 'திங்' என்ற சொல் அங்கே இல்லை. ஆனால் காட்சி அதுதான். அவசரம் ஏதும் இல்லாவிட்டால் அமாவாசை, பௌர்ணமி போன்ற குறித்த நாட்களில் கூடுவார்கள். ஆயுதங்களோடு உட்காருவார்கள். பூசாரிகள் அமைதி காக்கும்படி ஆணையிடுவார்கள். பேச்சு பிடிக்காவிட்டால் முணுமுணுப்பு எழும். பிடித்திருந்தால் ஈட்டிகளை மோதி ஒலி எழுப்புவார்கள். குற்றச்சாட்டுகளும் அங்கேயே விசாரிக்கப்பட்டன.

ஆயுதமும் அவையும் சேர்ந்திருந்ததற்கு வேறு தடயங்களும் உண்டு. இத்தாலியில் குடியேறிய ஜெர்மானியக் குடியினரான லொம்பார்டியர்களின் அரசன் ரொத்தாரி 643இல் தன் சட்டத்தொகுப்பை வெளியிட்டான். அதை உறுதிப்படுத்திய சடங்குக்குப் பெயர் 'கைரதிங்க்ஸ்': ஈட்டித் திங். பிரிட்டனில் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டிய ஹவுஸ்டெட்ஸ் கோட்டையில், மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பலிபீடம் கிடைத்தது. ரோமப் படையில் பணியாற்றிய ஜெர்மானிய வீரர்கள் அதை 'மார்ஸ் திங்சுஸ்' என்ற தெய்வத்துக்கு அர்ப்பணித்திருக்கிறார்கள். போர்த் தெய்வமே அவையின் காவல் தெய்வம். ஜெர்மனில் செவ்வாய்க்கிழமைக்கு 'டீன்ஸ்டாக்', டச்சில் 'டின்ஸ்டாக்' என்று பெயர் வந்தது இந்தத் தெய்வத்தால்தான் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ரோமானியரின் செவ்வாய்க்கிழமை மார்ஸுக்கு உரிய நாள் என்பதை நினைவில் வைத்தால் தொடர்பு விளங்கும்.

ஆனால் அவையைக் கண்முன் காண வேண்டுமானால் ஐஸ்லாந்துக்குத்தான் போக வேண்டும். நார்வேயிலிருந்தும் பிரிட்டிஷ் தீவுகளிலிருந்தும் போய்க் குடியேறியவர்கள் 930 வாக்கில் தீவு முழுவதற்குமாக ஓர் அவையை ஏற்படுத்தினார்கள். கூடிய இடத்துக்குத் 'திங்வெட்லிர்' என்று பெயர். 'திங் நடக்கும் வெளிகள்' என்று பொருள். ஒரு பக்கம் செங்குத்தான பாறைப் பிளவு, அதை ஒட்டி ஓடும் ஓக்சரா ஆறு, நடுவே புல்வெளி. வட அமெரிக்க நிலத்தட்டும் ஐரோப்பிய ஆசிய நிலத்தட்டும் விலகிச் செல்லும் பகுதி அது.

ஆண்டுதோறும் கோடையில் ஏறக்குறைய இரண்டு வாரங்கள் கூட்டம் நடந்தது. அங்கே அரசன் இல்லை. சட்டம் எழுதப்படவும் இல்லை. ஒரு மனிதரின் நினைவில் இருந்தது. அவருக்குச் 'சட்டம் சொல்பவர்' என்று பதவிப் பெயர். மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுவார். ஒவ்வொரு கோடையிலும் 'சட்டப் பாறை'யின் மீது நின்று, சட்டத்தின் மூன்றில் ஒரு பங்கை மனப்பாடமாக உரக்கச் சொல்ல வேண்டும். மூன்றாண்டுகளில் முழுச் சட்டமும் மக்கள் காதில் விழுந்துவிடும். 1117-18 குளிர்காலத்தில்தான் சட்டத்தை எழுத்தில் பதிக்கத் தொடங்கினார்கள். எழுத்து இல்லாமலே ஒரு சமூகம் இத்தனை கண்டிப்பாகச் சட்டத்தைக் காத்தது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

1000ஆம் ஆண்டு வாக்கில் அந்த அவை பிளவின் விளிம்புக்கு வந்தது. ஒரு சாரார் கிறிஸ்தவத்தை ஏற்றிருந்தனர். மற்றவர்கள் பழைய தெய்வங்களை விடவில்லை. தனித்தனிச் சட்டம் வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சும் எழுந்தது. முடிவைச் சட்டம் சொல்பவரான தோர்கெய்ரிடம் ஒப்படைத்தார்கள். அவர் பழைய சமயத்தைச் சேர்ந்தவர். போர்வையைப் போர்த்திக்கொண்டு அந்தப் பகலின் மிச்சமும் இரவு முழுவதும் பேசாமல் படுத்துக் கிடந்தார். மறுநாள் எழுந்து, நாட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டம் இருக்க வேண்டும், எல்லோரும் திருமுழுக்குப் பெற வேண்டும் என்று அறிவித்தார். குதிரை இறைச்சி உண்பது, மறைவாகப் பலியிடுவது போன்ற சிலவற்றுக்கு அப்போதைக்கு விலக்கு அளித்தார். அவை என்ற அர்த்தத்தில் 'திங்' எவ்வளவு கனமான சொல் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரியவில்லை.

திங்வெட்லிரில் கடைசிக் கூட்டம் 1798இல் நடந்தது. 1800இல் டென்மார்க் அரசாணையால் அவை கலைக்கப்பட்டது. 1843இல் மீட்கப்பட்டு 1845 முதல் ரெய்க்யவிக்கில் கூடுகிறது. ஆனால் 1944 ஜூன் 17 அன்று ஐஸ்லாந்து தன்னைக் குடியரசாக அறிவித்துக்கொண்டபோது, மக்கள் கூடியது அந்தப் பழைய வெளியில்தான்.

சரி, இந்த அவை எப்படி ஒரு குவளையையும் கதவையும் குறிக்கும் சொல்லானது?

கூட்டத்தில் என்ன நடக்கும் என்று யோசித்தால் விடை கிடைக்கும். ஒருவன் மாட்டைப் பற்றி முறையிடுவான். இன்னொருவன் நில எல்லையைப் பற்றி. மூன்றாமவன் கொலைக்கு ஈடு கேட்பான். 'அவையில் உள்ளது' என்றால் அவையின் முன் வந்த வழக்கு. ஆக, கூட்டத்தின் பெயர் கூட்டத்தில் பேசப்படும் வழக்குக்கும் ஆகிவந்தது. வழக்கு என்பது பேச வேண்டிய விவகாரம். எனவே அவைக்கு வெளியே உள்ள எந்த விவகாரத்தையும் அப்படிச் சொல்லலாம் என்றாயிற்று. விவகாரம் என்பது செயலாக இருக்கலாம், நிகழ்ச்சியாக இருக்கலாம், மாடாகவும் நிலமாகவும் இருக்கலாம். இறுதியில், பெயர் சொல்லத் தேவையில்லாத எதற்கும் அந்தச் சொல் பொருந்தியது. இந்தப் பாதையின் முதல் அடி தமிழருக்குப் புதிதல்ல. 'அவர்களுக்குள் ஏதோ பஞ்சாயத்து' என்று நாம் சொல்லும்போது, தீர்த்துவைக்கும் அவையின் பெயரால் தீர்க்கப்பட வேண்டிய தகராறைத்தான் குறிக்கிறோம்.

இந்த மாற்றம் படிப்படியாக, ஒரு பொருள் மறைந்து மற்றொன்று பிறந்து நடந்ததாக நினைக்க வேண்டாம். பல நூற்றாண்டுகள் எல்லா அர்த்தங்களும் அருகருகே வாழ்ந்தன. ஏழாம் நூற்றாண்டின் இறுதியில், இங்கிலாந்தின் கென்ட் பகுதியை ஆண்ட ஹ்லோதியர், ஏட்ரிக் என்ற அரசர்களின் சட்டத்தில் இந்தச் சொல் 'அவை' என்ற பொருளில் வருகிறது. அதே பழைய ஆங்கிலத்தில் அது விவகாரத்தையும் பொருளையும் குறிக்கவும் செய்தது. ஸ்காண்டிநேவிய மொழிகளின் மூதாதையான பழைய நார்ஸ் மொழியிலும் அதன் பன்மை உடைமைகளைக் குறித்தது. ஆங்கிலத்தில் பின்னர் அவை என்ற பொருள் வழக்கொழிந்தது. 'எவ்ரிதிங்', 'நத்திங்', 'சம்திங்' என்று எங்கும் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சொல் லேசாகிவிட்டது. ஜெர்மனில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: பெயர் சட்டென்று நினைவுக்கு வராத ஆளையும் பொருளையும் 'டிங்ஸ்' என்றுவிடுகிறார்கள்.

அர்த்தம் இப்படி வெளுத்துப்போவதை மொழியின் சீரழிவு என்று சிலர் வருந்துவார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. எதையும் பெயர் சொல்லாமல் சுட்ட ஒரு காலிச் சொல் ஒவ்வொரு மொழிக்கும் தேவை. அப்படிப்பட்ட சொல்லை வழங்குவதில் நீதிமன்றம் வியக்கத்தக்க வகையில் முன்னிற்கிறது. நீதிபதியின் முன் வருவது எதுவாக இருந்தாலும் அதைப் பொதுவாகக் குறிக்க ஒரு சொல் வேண்டியிருக்கிறது அல்லவா?

இது வெறும் ஊகம் இல்லை என்பதற்குச் சாட்சிகள் உண்டு. ஜெர்மனில் 'பொருள், விஷயம்' என்பதற்கு இன்னொரு சொல் 'ஸாஹ'. அதன் பழைய பொருள் சச்சரவு, வழக்கு. அதன் ஆங்கில உடன்பிறப்பு 'சேக்'. 'இன்னாருக்காக', 'இதன் பொருட்டு' என்று சொல்லும் தொடர்களில் மட்டும் இன்று உயிரோடு இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அதற்கும் வழக்கு என்றே பொருள். ஜெர்மானியக் குடும்பத்துக்கு வெளியே பார்த்தால், லத்தீனில் 'காவுஸா' என்பது காரணத்தையும் நீதிமன்ற வழக்கையும் குறித்தது. அதுவே இத்தாலியிலும் ஸ்பெயினிலும் 'கோஸா' என்றும், பிரான்சில் 'ஷோஸ்' என்றும் மாறி, 'பொருள்' என்ற சாதாரணச் சொல்லாயிற்று. திங், ஸாஹ, கோஸா: மூன்றும் ஒலியால் ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. மூன்றும் வழக்கு மன்றத்தின் வழியாகவே 'பொருள்' என்ற அர்த்தத்துக்கு வந்து சேர்ந்தன. சொல்லின் வரலாற்றில் என்னை மிகவும் ஈர்க்கும் பகுதி இது. ஒரு சொல்லுக்கு நடந்தால் தற்செயல் எனலாம். மூன்றுக்கு நடந்தால் மனித மனம் விரும்பி நடக்கும் தடம் ஒன்று அங்கே இருக்கிறது.

அவை என்ற பொருளை இழந்த மொழிகளிலும் அதன் எச்சங்கள் உண்டு. டச்சில் 'கெடிங்' என்றால் வழக்கு. அவசர வழக்குக்கு 'குறு கெடிங்' என்றே பெயர். 'டிங்கன்' என்ற டச்சு வினை ஒன்றைப் பெறப் போட்டியிடுவதைக் குறிக்கும். அதோடு ஒரு முன்னொட்டு சேர்ந்தால் விலையைப் பேரம் பேசிக் குறைப்பது. ஜெர்மனில் 'பெடிங்குங்' என்றால் நிபந்தனை. கூலிக்கு ஆள் அமர்த்துவதற்கு 'டிங்கன்' என்ற பழைய வினை இருந்தது. இன்று அது பெரும்பாலும் கூலிப்படைக் கொலையாளியைக் குறிக்கும் தொடரில்தான் வருகிறது. அவையில் பேசுவது, உடன்பாட்டுக்கு வருவது, விலை பேசுவது என்று ஒரே கயிற்றின் இழைகள் இவை.

டேனிஷும் நார்வேஜியனும் வேறு வழி கண்டன. இரண்டு அர்த்தங்களையும் வைத்துக்கொண்டு, இலக்கணப் பாலால் பிரித்தன. அந்த மொழிகளில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'ஒரு' என்பது சொல்லின் பாலைப் பொறுத்து மாறும். 'என் டிங்' என்றால் ஒரு பொருள்; 'எட் டிங்' என்றால் ஓர் அவை. மொழியைப் புதிதாகக் கற்பவர்கள் இந்தச் சிறு சொல்லைக் கவனிக்காவிட்டால் செய்தித்தாளில் தடுமாற வேண்டியிருக்கும்.

வைக்கிங்குகள் குடியேறிய பிரிட்டிஷ் தீவுகளில் சொல் நிலத்தில் பதிந்திருக்கிறது. ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தில் டிங்வால், ஷெட்லாந்து தீவுகளில் ஏறக்குறைய அதே ஒலிப்பில் இன்னோர் ஊர், லிவர்பூலுக்கு எதிர்க்கரையான விர்ரல் தீபகற்பத்தில் திங்வால். எல்லாமே 'அவை கூடும் வெளி' என்ற அதே நார்ஸ் பெயர்தான். மான் தீவில் அந்தப் பெயர் 'டின்வால்ட்' ஆகி, இன்றும் நாடாளுமன்றத்தின் பெயராக இருக்கிறது. ஆண்டுதோறும் வழக்கமாக ஜூலை 5 அன்று நான்கு அடுக்குகள் கொண்ட ஒரு செயற்கைக் குன்றில் கூடி, புதிய சட்டங்களை ஆங்கிலத்திலும் மான்க்ஸ் மொழியிலும் மக்கள் முன் அறிவிக்கிறார்கள். நிறைவேறிய சட்டம் பதினெட்டு மாதங்களுக்குள் அப்படி அறிவிக்கப்படாவிட்டால் செல்லாமல் போய்விடும்.

ஆங்கிலத்திலேயே ஒரு வடிவம் ஒளிந்திருக்கிறது. தலைவன் தன் வீட்டாரோடும் மெய்க்காவலரோடும் நடத்திய கூட்டத்தை நார்ஸ் மொழியில் 'ஹூஸ்திங்' என்றார்கள், அதாவது வீட்டு அவை. அது ஆங்கிலத்தில் 'ஹஸ்டிங்' ஆனது. இடைக்கால லண்டனில் அந்தப் பெயரில் ஒரு நீதிமன்றம் இருந்தது. பின்னர் தேர்தல் வேட்பாளர்கள் ஏறிப் பேசும் மேடைக்கு அந்தப் பெயர் போனது. 1872இல் இரகசிய வாக்கெடுப்பு வரும்வரை வாக்காளர்கள் அங்கேதான் எல்லோரும் கேட்கத் தம் வாக்கைச் சொன்னார்கள். இன்று பிரிட்டனில் வேட்பாளர்கள் ஒரே மேடையில் பேசும் கூட்டத்துக்கு அந்தச் சொல் வழங்குகிறது.

இந்த வரலாற்றில் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. அதை விட்டுவிட்டுப் பழமையைக் கொண்டாடுவது நேர்மையாகாது. ஜெர்மனியில் நாஜிகள் 1933க்குப் பிறகு, வழக்கொழிந்த பழைய எழுத்துக்கூட்டலோடு 'திங்' என்ற சொல்லைத் தோண்டியெடுத்தார்கள். திறந்தவெளிப் பிரச்சார நாடகங்களுக்காக 'திங் மேடைகள்' என்ற பெயரில் அரங்குகள் கட்டினார்கள். ஹைடல்பெர்க் நகருக்கு மேலே உள்ள குன்றில் 1935இல் நாஜிப் பிரச்சார அமைச்சர் கோயபெல்ஸ் திறந்துவைத்த அரங்கு இன்றும் நிற்கிறது. பழைய திங்கில் ஈட்டியை மோதி ஒப்புதல் தரவும் முணுமுணுத்து மறுக்கவும் மனிதர்களுக்கு உரிமை இருந்தது. இந்த அரங்குகளில் கேட்பது மட்டுமே மக்களின் வேலை. ஓரிரு ஆண்டுகளில் அந்த இயக்கம் மங்கிப்போனது.

வடக்கே சொல் தன் பழைய வேலையை அமைதியாகச் செய்துகொண்டிருக்கிறது. நார்வேயின் நாடாளுமன்றம் 1814 முதல் 'ஸ்டோர்டிங்', பெரிய அவை. டென்மார்க்கில் 'ஃபோல்கடிங்', மக்களவை. ஃபாரோ தீவுகளிலும் ஓலண்ட் தீவுகளிலும் சட்ட அவை என்ற பொருள்படும் பெயர்கள். ஸ்வீடனின் நாடாளுமன்றப் பெயரில் இந்தச் சொல் இல்லை. ஆனால் அங்கே கீழ்நிலை நீதிமன்றத்தின் பெயர் 'டிங்ஸ்ரெட்'. நார்வேயின் மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் குலடிங், ஃப்ரோஸ்டடிங் ஆகியவை இடைக்கால வட்டார அவைகளின் பெயர்களையே தாங்கி நிற்கின்றன.

ஸ்காண்டிநேவியாவின் வடகோடியில் வாழும் ஸாமி மக்களின் மொழி ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல; ஃபின்னிஷ் மொழிக்கு உறவானது. அவர்கள் அண்டை வீட்டாரிடமிருந்து இந்தச் சொல்லை வாங்கி, தம் நாவுக்கு ஏற்ப 'டிக்கி' என்று ஆக்கிக்கொண்டார்கள். தங்களுக்கென்று பிரதிநிதித்துவ அவைகளை நார்வேயில் 1989இலும், ஸ்வீடனில் 1993இலும், ஃபின்லாந்தில் 1996இலும் பெற்றபோது அவற்றுக்கு அவர்கள் தந்த பெயர் 'ஸாமெடிக்கி'.